மேலே கிடந்த பச்சைக் கல்

மச்சான்,

உன் மனுசி நேற்று நெளுக்குளத்துக்கு வந்து எனக்கு மிளகாய்த்தூள் தந்தா. தூள் இருந்த பையைக் கண்டதும் தும்மலுக்கு முன்னமே சிரிப்பு வந்துவிட்டது. நீ இன்னும் நிற்கிற ஓமான் செப்புச் சுரங்கத்தில் அந்தக் காலம் நாங்கள் இருவரும் சோதனைக்கு அனுப்பக் கல்மாதிரி கட்டிய அதே துணிப்பை. உன் கையால் எழுதிய இலக்கம் இன்னும் அழியவில்லை.

இயந்திரம் துளை போடப்போட ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு குவியல் கல்தூளும் கல்துண்டும் வரும். முழுக் குவியலையும் பிரிக்கும் பெட்டியில் கொட்டி, அது பங்கிட்டுத் தருவதைத்தான் பையில் கட்ட வேண்டும். ஒரு மத்தியானம் வெயில் தாங்காமல் நான் குவியல்களின் மேலால் கையால் அள்ளினேன். அதிலும் செம்பு உள்ள பச்சைக் கல்லாகப் பார்த்து. அந்த அழகை விட்டுவிட மனமில்லை. பத்துப் பன்னிரண்டு பை கட்டிய பிறகுதான் நீ கண்டாய்.

"என்னடா செய்யிறாய்?"

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம், மச்சான்."

"சோறு கொதிக்கேக்க மேல கீழ புரளும். உன்ர கல்லு புரளுமோ, விசரா?"

ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கெஞ்சினேன். நீ என் சேட்டுக் கொலரைப் பிடித்து அதிகாரியிடம் இழுத்துப் போனாய். உன் அரைகுறை இங்கிலீசில், "நாங்கள் பிழை விட்டிட்டம்" என்றாய். 'இவன்' என்று சொல்லவில்லை. அவர் கத்தினார், ஆனால் அனுப்பவில்லை. குவியல்கள் அப்படியே கிடந்ததால் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பிரித்துக் கட்டினோம். இரண்டு விதப் பைகளும் சோதனைக்குப் போயின. என் பைகளில் செம்பு இரண்டு மடங்கு! அதை நம்பியிருந்தால் வெறும் கல்லுக்காக மலையையே உடைத்திருப்பார்கள்.

மிளகாய்த்தூள் சும்மா வரவில்லை. உன் மூத்தவளுக்குப் புளியங்குளத்தில் ஒரு மாப்பிள்ளை. விசாரிக்கும் பொறுப்பு என் தலையில். இன்று காலை போனேன். பெடியனின் சித்தப்பா வடையும் தேத்தண்ணியும் தந்து, "பெடியன் தங்கம்" என்றார். பழைய நான் என்றால் இரண்டாவது வடையோடு திரும்பியிருப்பேன். உன் பையை நினைத்துக்கொண்டு சைக்கிள் திருத்துகிறவரிடமும் கோயில் ஐயரிடமும் கேட்டேன். கடைசியாக, பெடியனோடு வரம்புச் சண்டை பிடித்த பக்கத்து வயல்காரரிடமும் போனேன்.

"கோவக்காரன். வாயைத் திறந்தா மூடமாட்டான். ஆனா என்ர வயலுக்கு வாற தண்ணியை ஒருநாளும் மறிக்கேல்லை."

பின்னேரம் உன் வீட்டில், ஒன்றையும் பொறுக்காமல், எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னேன். உன் மகள் சிரித்தாள்.

"கோவம் பரவாயில்லை மாமா. அப்பா அம்மாவோட சீவிக்கேல்லையே? ஓம் எண்டு சொல்லுங்கோ."

குசினியில் ஒரு சட்டி விழுந்தது.

என் மாமனார் இப்படி விசாரித்திருந்தால் நான் இன்றைக்கும் தனிக்கட்டைதான். நல்ல காலம், அவர் கேட்டது என் பெரியம்மாவிடம் மட்டும். அவா என்னில் பச்சைக் கல்லாகப் பொறுக்கிக் கொடுத்தா.

வெளிக்கிடும்போது உன் மனுசி பையைத் திருப்பிக் கேட்டா. தரமாட்டன் என்றேன். இளையவளுக்கும் விசாரிக்க வேணுமல்லோ.