என்ஜின் விழுங்கிய கைலேஞ்சி

அன்பின் ஹிதாயாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் கால் வீக்கம் வற்றியதா? கண்டியில் நான் நல்ல சுகம்.

வெள்ளிக்கிழமை லொறியின் ஏர் ஃபில்டரை நானே கழற்றித் துடைத்தேன். உள்ளே தூசு போகாமலிருக்க, காற்றுக் குழாயின் வாயில் முகம் துடைக்க நீ தைத்துத் தந்த கைலேஞ்சியைத் திணித்திருந்தேன். ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னதும், அதை எடுக்க மறந்து ஃபில்டரைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். தொழுதுவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால், என்ஜின் அதை உள்ளே இழுத்து ஒரு வால்வையும் வளைத்துவிட்டது.

முதலாளி சண்முகநாதன், "கராஜுக்கு இழுத்துட்டுப் போவோமா?" என்றார்.

"நான் செஞ்ச பிழ, நானே சரிப்படுத்துறன்" என்றேன்.

என்ஜினின் மேல்மூடி ஹெட்டைத் திறந்து, கந்தலைப் பொறுக்கி, புது வால்வைத் தேய்த்துப் பொருத்தினேன். நேற்று முழுச் சுமையோடு ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் லொறி திணறவே இல்லை! "நம்ம ரிஸ்மி இருக்கும்போது கராஜ் எதுக்குங்க?" என்று முதலாளி கடை கடையாகச் சொல்லித் திரிகிறார்.

மகனிடம், வாப்பா என்ஜினையே திறந்து பூட்டினார் என்று சொல். கைலேஞ்சிக் கதை வேண்டாம்.

சுமை ஏற்றக் கூப்பிடுகிறார்கள். மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்பு. கூடவே ஒரு கைலேஞ்சியும். புதிது வேண்டாம், நீ பாவிப்பதில் ஒன்று, கழுவாமல்.

ரிஸ்மி