முதுகில் இருப்பதாகச் சொன்ன மரு

மார்ச் 3, திங்கள்

குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டது. நாட்குறிப்பில்கூட எழுதக் கூசும் இடத்தில், காலிஃபிளவர் துணுக்கு மாதிரி ஒன்று. பக்கத்தில் இன்னொன்று, சின்னது. வலியில்லை.

யாரால் வந்தது? வாகன விபத்துகளில் தப்பு யார்மேல் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பதுதான் இத்தனை வருடமாக என் பிழைப்பு. என் உடம்பில் நடந்ததற்கு மட்டும் குற்றவாளி இல்லாமலா போய்விடுவான்?

மார்ச் 4, செவ்வாய்

அலுவலகக் கழிப்பறைதான். அதாவது, நடேசன். எனக்கு வரவேண்டிய மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தவன், எனக்கு முன்னால் எங்கெல்லாம் உட்கார்ந்தானோ!

மார்ச் 6, வியாழன்

கால் மருவுக்கு விற்கும் மருந்தை வாங்கி அங்கே தடவினேன். நின்றுகொண்டே எழுதுகிறேன்.

மார்ச் 7, வெள்ளி

டாக்டர் இளம் சீனப் பெண். வெந்துபோன இடத்தைப் பார்த்துவிட்டு, பாதத்துக்கு உள்ள மருந்தை இங்கே போடச் சொன்னது யார் என்று கேட்டாள். நடேசன் என்று சொல்லியிருக்கலாம்.

பால்வினை மருவாம். ஹெச்பிவி என்ற கிருமி. உறவின்போது தோலோடு தோல் உரசித் தொற்றுவது. கழிப்பறை இருக்கையா? சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், ஆனால் அது மூடாத தோலுக்குக் காவல் இல்லை. மரு எதுவும் கண்ணுக்குத் தெரியாதபோதும் தொற்றும். புண் ஆறியதும் உறைய வைத்து எடுக்கலாம். எடுத்தாலும் கிருமி கொஞ்ச காலம் தங்கலாம், மரு திரும்பவும் வரலாம்.

“தொற்றி எவ்வளவு நாளில் தெரியும்?”

“சில வாரத்திலும் தெரியலாம், சில வருடம் கழித்தும் தெரியலாம்.”

சில வருடம்! அப்போதே புரிந்துவிட்டது. கிளமெண்டி! விவாகரத்தில் கிளமெண்டி வீட்டை வாங்கிக்கொண்டு போனவள். அவள் பெயரை நான் எழுதுவதில்லை, அந்த ஊர் பெயரைத்தான் எழுதுவேன். முன்னாள் மனைவியிடமிருந்து தொற்றியது என்று ஒரு கடிதம் தர முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். பேனாவைக் கீழே வைத்தாள். யாரிடமிருந்து என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாதாம். “நீங்களே அவருக்குக் கொடுத்திருக்கலாம்.”

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் அதிகம்.

கடைசியில் அந்தக் கேள்வி: இப்போது துணை யாராவது உண்டா?

உண்டு. குணவதி. கணவரை இழந்தவள், புக்கிட் பாஞ்சாங்கில் என் அடுக்குமாடி புளோக்குக்கு எதிர் புளோக்கில் இருப்பவள். அடுத்த மாதம் பதிவுத் திருமணம். அவளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், அவளும் டாக்டரைப் பார்க்க வேண்டுமாம்.

சொன்னால் போய்விடுவாள். சொல்லாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

மார்ச் 8, சனி

சொல்லவில்லை. கோயிலுக்குப் போனேன்.

மருவுக்கு உப்பும் மிளகும் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். லிட்டில் இந்தியாவில் பொட்டலம் வாங்கி, பலிபீடத்தில் யாரும் பார்க்காமல் போடப் போனால், எதிரே நடேசன். சட்டையில்லாமல், பட்டை போட்டுக்கொண்டு.

“என்னப்பா பிரேம், மருவா? எங்க?”

“முதுகுல.”

“காட்டு, பாக்கறேன்.”

“கோயில்ல என்ன லா!”

“அதான் நானே சட்டையைக் கழட்டியிருக்கேனே.”

நேர்த்திக்கடனை முடிக்காமல் ஓடினேன்.

மார்ச் 12, புதன்

சிராங்கூன் ரோட்டில் குணவதியோடு சாப்பாடு. இன்று சொல்லிவிடுவது என்று முடிவு. வாயைத் திறந்தேன். பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்தான் அவன்.

“என்னப்பா, முதுகு மரு எப்படி இருக்கு?”

குணவதி அப்பளத்தை நொறுக்கியபடியே சொன்னாள்: “இவர் முதுகில மரு எதுவும் இல்லையே.”

நடேசன் அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். இவளுக்கு எப்படித் தெரியும் என்பது அவன் முகத்தில் மெதுவாக உதித்தது. அவளுக்கும் உதித்தது. நான் ரசத்தைக் குடித்தேன்.

பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னேன். கிளமெண்டியால் வந்தது என்றும் சேர்த்தே சொன்னேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் இறங்கி, திரும்பாமல் அவள் புளோக்குக்குப் போய்விட்டாள்.

மார்ச் 14, வெள்ளி

ஒரு செய்தியும் இல்லை.

மார்ச் 15, சனி

இல்லை.

கிளமெண்டிக்கு ஒரு செய்தி தட்டி வைத்தேன். ஐந்து பத்தி, நல்ல தமிழ். அனுப்பவில்லை. எதிர் புளோக்கில் குணவதியின் விளக்கு எரிகிறது. போயிட்டாளா? போகட்டும். எல்லாரும் போனவங்கதானே. — இல்ல, இவ போகக்கூடாது. இவ போனா நான் என்ன பண்ணுவேன்?

மார்ச் 18, செவ்வாய்

வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி பேசினாள்.

“டாக்டர்கிட்ட போனேன். கருப்பைவாய் டெஸ்ட் எடுத்தாங்க. உங்களுக்கு வந்த வகை அனேகமா புற்றுநோய் வகை இல்லையாம், இருந்தாலும் இந்த டெஸ்ட்டை விடக்கூடாதாம். மரு எதுவும் இல்ல. ஆனா அதனால என்கிட்ட கிருமி இல்லன்னு சொல்ல முடியாது. யோசிச்சீங்களா? என் வீட்டுக்காரர்கிட்டேருந்து எனக்கு, என்கிட்டேருந்து உங்களுக்கு. அப்படியும் இருக்கலாம்.”

யோசிக்கவில்லை. ஒரு நிமிடம்கூட.

“அப்படின்னா என்ன பண்ணுவீங்க? எனக்கும் ஒரு ஊர் பேரு வைப்பீங்களா? ஆறு நாளா அதைத்தான் யோசிச்சேன். மருவைப் பத்தி இல்ல.”

பின்னால் இடித்தவன்மேல் தப்பு, சிக்னலை மீறியவன்மேல் தப்பு — எனக்குத் தெரிந்த விதி எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

“வைக்க மாட்டேன்” என்றேன். பிறகு செருப்பைக் கழற்றினாள்.

மார்ச் 19, புதன்

ஐந்து பத்தியையும் அழித்துவிட்டு இரண்டு வரி அனுப்பினேன்: ‘நிரஞ்சனா, எனக்கு ஹெச்பிவி மரு. யாரால் என்று தெரியாது. நீயும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்.’

பதில்: ‘ஓகே. தேங்க்ஸ். உடம்பைப் பாத்துக்கோ.’ இவ்வளவுதானா?

மார்ச் 29, சனி

நேற்று உறைய வைத்தார்கள். ஐஸ் தேள் கொட்டினால் அப்படித்தான் இருக்கும். குணவதி வெளியே உட்கார்ந்திருந்தாள்.

“கோயில்ல வேண்டுதலைப் பாதியில விட்டுட்டு ஓடிட்டேன்னு சொன்னீங்களே, முடிச்சுடுங்க” என்று இன்று காலை கூட்டிக்கொண்டு போனாள். உப்பு மிளகுப் பொட்டலத்தை அவளே வைத்துக்கொண்டாள். நான் கால் அகட்டி நடந்தேன்.

பலிபீடத்தின் அருகே நடேசன். அவள் கையிலிருந்த பொட்டலத்தையே பார்த்தான்.

“உங்களுக்குமாம்மா? எங்க?”

“முதுகுல” என்றாள் குணவதி.