பத்தாம் இலக்கக்காரியும் நிறைகுடத்துத் தேங்காயும்

சனிக்கிழமை, ரோவில், மெல்பேர்ண்.

இன்று எங்கள் தமிழ்ச் சங்க விழாவில் ஆரணிக்குப் பெரிய அநியாயம் செய்துவிட்டார்கள். என் தங்கையின் மகளான அவள் எட்டு ஆண்டுகளாக ஆஸ்திரேலியப் பெண்கள் ரக்பி அணியின் பத்தாம் இலக்கக்காரி. பந்தை யாருக்குக் கொடுப்பது, எங்கே உதைப்பது என்று தீர்மானிப்பவள் அவள்தான். சங்கத் தலைவரோ பொன்னாடை போர்த்தி, "பிசியோதெரபி படிச்சு முடிச்ச எங்கட பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

நான் எழுந்து ரக்பியை ஏன் சொல்லாமல் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"அது பொழுதுபோக்குத்தானே அண்ணை. இருங்கோ," என்றார்.

நான் உட்காரவில்லை. தொலைக்காட்சி பார்த்தே ரக்பி கற்றவன் நான். மேடைக்குப் போய் நிறைகுடத்துத் தேங்காயை எடுத்தேன். பந்தைக் கையால் பின்பக்கம்தான் எறியலாம் என்று விளக்கி, எறிந்தும் காட்டினேன். அது பின்னால் நின்ற பொருளாளரின் காலில் விழுந்தது. தங்கை தலையில் கை வைத்தாள்.

"பாஸ் நல்லம் மாமா," என்றாள் ஆரணி. "பிடிக்கிற ஆள் றெடியோ எண்டு முதல்ல பாக்கவேணும்."

அடுத்த சனி சிட்னியில் அவளுடைய கடைசிச் சர்வதேச ஆட்டம். என்னைத் தவிர எங்கள் ஆட்கள் ஒருவரும் இதுவரை மைதானத்துக்குப் போனதில்லை. தலைவர் நாளைக்கே பஸ் ஒழுங்கு செய்ய வேண்டும். பொருளாளர் நொண்டிக்கொண்டாவது ஏற வேண்டும். தொலைக்காட்சியில் கண்ணை மூடிக்கொண்டே ஆட்டம் பார்க்கும் தங்கை இம்முறை எண்பது நிமிடமும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். ஆரணி காயமில்லாமல் வெளியே வர வேண்டும். இதை மட்டும் யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியவில்லை.