யூலை பதினாலும் முற்றத்து வெடியும்

இன்று பின்னேரம் வேலை முடிந்து வந்து, கட்டடத்தின் பெரிய கதவைத் தள்ளியதும் வெடிமருந்து மணந்தது. நாளைக்குத்தான் யூலை பதினாலு, பிரெஞ்சுக்காரரின் தேசிய நாள். யாரோ பொறுக்கமுடியாமல் இன்றைக்கே முற்றத்தில் கொளுத்திப் பார்த்திருக்கிறார்கள். மரக்கறிப் பையைப் படியில் வைத்துவிட்டு நின்றேன். நீ போன பிறகு வரும் முதல் யூலை இது. என் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை என்பது அந்த மணம் வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

என் வீட்டுக்கு எதிர்க் கதவில் நீ குடிவந்தபோது உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வன்னியிலிருந்து தனியாக வந்தவள். ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை உனக்கு. நான் பாரிசின் தமிழ்க்கடைத் தெருவான லா சப்பலில் ஒரு சேலைக்கடையில் வேலைக்கு நின்றேன். ஒரு வாரத்துக்குள் உப்பும் மிளகாய்த்தூளும் இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்குமாகப் போய்வரத் தொடங்கிவிட்டன.

முதல் யூலையில், முற்றத்தில் வெடி போட்ட சத்தத்துக்குப் பிறகு உன் வீட்டுக்குள் ஏதோ உடைந்தது கேட்டு ஓடிவந்தேன். நீ மேசைக்குக் கீழே இருந்தாய். "ஒண்டுமில்லை அக்கா, திறப்பு விழுந்திட்டுது, தேடுறன்" என்றாய். திறப்பு கதவுப் பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. உனக்குப் பக்கத்தில் நானும் குனிந்து தேடினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு யூலை பதினாலாம் திகதியும் நாம் இருவரும் கார் து நோர் நிலையத்துக்குப் போய், நிலத்துக்கடியில் இருக்கும் ரயில் மேடையில் இருந்துவிட்டு வருவோம். அவ்வளவு ஆழத்துக்கு வெடிச்சத்தம் இறங்காது. ரயில்கள் வந்து வந்து போகும். ஒன்றிலும் ஏறாமல், கட்டிக்கொண்டுபோன ரோல்ஸைச் சாப்பிடுவோம். ஊரில் சண்டை நேரம் பங்கர் குழிக்குள் கிடந்தவள் பாரிசுக்கு வந்தும் நிலத்துக்குக் கீழே ஒளித்திருக்க வேண்டுமா என்று நான் கொதிப்பேன். நீ சிரிப்பாய். "இஞ்சை ரயில் வருது அக்கா. அங்கை அதுவும் இல்லை."

இவ்வளவுக்கும் உனக்கு அந்தப் பண்டிகையில் வெறுப்பே இருந்ததில்லை. உனக்கு இங்கே தங்க விசா கிடைத்த வருடம், பண்டிகைக்கு முதல்நாள் இரவு தீயணைப்பு நிலையத்தில் வைக்கும் நடனத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முன்பின் தெரியாத சனத்துக்கு நடுவில் ஆடினாய். காதைப் பிளக்கும் பாட்டுக்கு நீ பயப்படவில்லை. சொல்லாமல் வருகிற சத்தத்துக்குத்தான் பயந்தாய்.

ஒருமுறை வெடிச்சத்தம் பொறுக்கமுடியாமல் பொலிசுக்குப் போன் அடிக்கப் போனேன். நீ சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து போனைப் பறித்துக்கொண்டாய். "சந்தோசமா இருக்கிற சனத்தைக் கலைக்கப் பொலிசைக் கூப்பிடுறதோ? வேண்டாம் அக்கா. வெடிக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. எப்ப எண்டு சொல்லிப்போட்டு வெடிக்கட்டும்." நீ கேட்டது அவ்வளவுதான். ஒரு கட்டடத்தில் சேர்ந்து வாழ்கிற மனிதரிடம் இதைவிடக் குறைவாக எதைக் கேட்பது?

போன யூலையில் உன்னால் படியிறங்க முடியவில்லை. புற்றுநோய் வருத்தம் எலும்புவரை போயிருந்தது. அதனால் ஒரு வாரத்துக்கு முன்பே நான் எல்லாக் கதவையும் தட்டினேன். இரண்டாம் மாடியில் இருக்கும் பலசரக்குக் கடைக்கார அண்ணையிடம் இரண்டு தரம் போனேன். முற்றத்தில் இறைச்சி வாட்டுவதும் வெடி வாங்கிவருவதும் எப்போதும் அவர்தான். கால்வாய்ப் பக்கம் போய் வெடியுங்கள், இல்லாவிட்டால் தொடங்குமுன் என் கதவையாவது தட்டுங்கள், யன்னலைச் சாத்திவிட்டு அவளைப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். "ஓம் தங்கச்சி, கட்டாயம் சொல்லுறன்" என்றார்.

பதினாலாம் திகதி நல்ல வெயில். யன்னல்களைத் திறந்துவைத்து, உன் குசினியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். யாரும் கதவைத் தட்டவில்லை; திடீரென்று வெடித்தது. நான்கு பக்கமும் சுவராக எழும்பிய முற்றத்துக்குள் ஒரு வெடி வெடித்தால் அது ஒரு வெடியாகவா கேட்கும்? நான் ஓடிவந்தபோது நீ கட்டிலிலிருந்து விழுந்து, கட்டிலுக்குக் கீழே போகப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு கால் கோணலாகக் கிடந்தது. என்னைக் கண்டதும் கையை எட்டிப் பிடித்து நிலத்துக்கு இழுத்தாய். "படுங்கோ அக்கா, எழும்பாதேங்கோ, தலையைக் காட்டாதேங்கோ." கால் முறிந்து கிடந்த நீ என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாய்.

யன்னலால் எட்டிக் கத்தினேன். நிறுத்தச் சொன்னேன். கீழேயிருந்து ஒரு பிரெஞ்சுக்காரர் கிண்ணத்தை உயர்த்தி, இன்றைக்கு எல்லாருக்கும் பண்டிகை மதாம் என்றார். அண்ணை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "வருசத்தில ஒரு நாள்தானே தங்கச்சி. இது சுதந்திர நாடு. அங்கைதான் வாயை மூடிக்கொண்டிருந்தம், இஞ்சையுமோ?"

இங்கே அம்புலன்ஸ் வேலையும் செய்கிற தீயணைப்புக்காரர்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நீ வீடு திரும்பவில்லை. இலையுதிர் காலம் தொடங்குமுன் ஆசுப்பத்திரியிலேயே முடிந்துபோனாய். நோய்தான் காரணம் என்றார் மருத்துவர். அது உண்மை. ஆனால் உன் கடைசி நாட்களை உன் சொந்தக் கட்டிலில், உன் யன்னலைப் பார்த்தபடி நீ கழித்திருக்கலாம். அதையும் நோயின் தலையில் கட்டிவிட என்னால் முடியாது. உன் இறுதிச்சடங்குக்கு அண்ணை பெரிய மலர்வளையத்தோடு வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று பார்த்தேன். பையைப் படியிலேயே விட்டுவிட்டு முற்றத்துக்குப் போனேன். கையில் வெடிப் பெட்டியோடு நின்றார். போன யூலையில் நடந்தது முழுவதையும், நீ என்னை நிலத்துக்கு இழுத்ததையும், நீ சொன்ன சொற்களையும் அப்படியே சொன்னேன். கத்தவில்லை. நாளைக்காக மேசை கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் அடுக்குவதை நிறுத்திவிட்டார்கள்.

அவர் பெட்டியை ஒரு கதிரையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் அந்தச் சத்தம் பயம்தான் தங்கச்சி. ஊரை விட்டு வந்த நாளிலயிருந்து பயம். ஆனா நானே கொளுத்தினா பயமில்லை."

ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த கணமே முன்னையைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றேன். "இந்தக் கட்டடத்தில மற்ற ஆருக்கும் விளங்காட்டிலும் உங்களுக்கு விளங்கியிருக்கும். ஏன் அண்ணை எங்கடை கதவைத் தட்டேல்லை?"

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வீதிக்குப் போனார். எங்கேயாவது வெடித்தாரோ, குப்பையில் போட்டாரோ, எனக்குத் தெரியாது. நீயாக இருந்தால் பின்னாலேயே போய்த் தேத்தண்ணி குடிக்க வாங்கோ என்று கூப்பிட்டிருப்பாய். நான் போகவில்லை. அந்த மனம் எனக்கு இல்லை, இனி வரும்போலவும் இல்லை.

படியேறும்போது, உன் வீட்டில் இப்போது இருப்பவர்களின் கதவைத் தட்டினேன். கைக்குழந்தைக்காரர்கள். நாளைக்கு முற்றத்தில் சத்தம் இருக்கும், எத்தனை மணிக்கு என்று கேட்டுவந்து சொல்கிறேன் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். பிறகு மேல்மாடிக்குப் போனேன். பிறகு கீழ்மாடிக்கு. இனி ஒவ்வொரு யூலையும் போவேன். சொல்லிவிட்டு வெடியுங்கள் என்று நீ சிரித்துக்கொண்டு கேட்டதை நான் சிரிக்காமல் கேட்பேன்.