வெற்றுக் குப்பியில் ஈயம்

கோவா
ஜனவரி 6

அன்பு மாமாவுக்கு,

போனில் பேசினால் கத்திக்கொள்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன். வீடியோ காலில் வெறுங்கழுத்தைப் பார்த்து “தாலி எங்கடி?” என்று கேட்டுவிட்டு போனை வைத்தவர்தான், அப்புறம் பேசவே இல்லை.

கடலில் ஒரு எரிமலைத் தீவு இருக்கிறது. பக்கத்தில் தண்ணீருக்குள் மூழ்கிய மலை ஒன்று. இரண்டும் பூமிக்கடியில் ஒரே இடத்திலிருந்து உருகி வந்தவையா என்பதுதான் என் ஆராய்ச்சி. கல்லில் இருக்கும் துளி ஈயம் அதைச் சொல்லிவிடும். வெளி ஈயம் ஒட்டினால் எல்லாம் கெட்டுவிடும் என்று லேப் உள்ளே நகையே கூடாது. நீங்கள் கட்டிய தாலி பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

உங்கள்
பிரியதர்ஷினி

நல்லம்பள்ளி
ஜனவரி 17

பிரியாவுக்கு,

தங்கம்தானே ஆகாது? தாலியை அடகு வைத்தவர்கள் மஞ்சள் கிழங்கு கட்டிக்கொள்வதில்லையா? அதுபோல மஞ்சள் கயிறு அனுப்பியிருக்கிறேன். நம் வயலில் இன்னும் மஞ்சள் வெட்டவில்லை. கடையில்தான் வாங்கினேன், பளிச்சென்று இருக்கிறது. கழற்றாதே. அம்மாவுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நவநீதன்

கோவா
பிப்ரவரி 14

மாமா,

கயிற்றைக் கோட்டுக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தேன். சுத்தம் சரிபார்க்கக் கல்லே போடாமல் வைக்கும் வெற்றுக் குப்பியிலும் ஈயம் வந்துவிட்டது. அந்தக் கயிற்றைச் சோதித்தேன். மஞ்சள் பளிச்சென்று தெரிய ஈயச் சாயம் கலந்திருக்கிறார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, உள்ளே கட்டிப்போனது நான்தான். ஆனால் அழுகை அழுகையாக வந்தது.

இன்னும் ஒரு தடவைக்குத்தான் கல் மிச்சம். இனி வெறுங்கழுத்தோடுதான் உள்ளே போவேன். நீங்கள் கோபமில்லாமல் இருந்தால் நிம்மதியாக வேலை செய்வேன். முடியாதென்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

பிரியா

நல்லம்பள்ளி
மார்ச் 3

பிரியா,

அந்தப் பாழாய்ப்போன கயிற்றையா உன் கழுத்தில் கட்ட வைத்தேன்? உடம்புக்கு ஒன்றுமில்லையே? முதலில் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்.

மஞ்சள் வெட்டி வேகவைத்தாயிற்று. காய்ந்ததும் நானே இடித்து, புதுக் கயிற்றை அதில் நனைத்து உலர்த்தினேன். சாயம் இல்லை, அதனால் கொஞ்சம் மங்கல்தான். கூட ஒரு எவர்சில்வர் டப்பாவும் அனுப்பியிருக்கிறேன். லேப்புக்கு வெளியே கயிற்றை அதில் வைத்துவிட்டுப் போ. அம்மா முணுமுணுத்தாள். “கயிறு இருந்தாலும் இல்லாட்டியும் அவ என் பொண்டாட்டிதாம்மா”ன்னு சொல்லிட்டேன். இதை முதல் நாளே சொல்லியிருக்கணும்.

நவநீதன்

கோவா
மார்ச் 29

அன்பு மாமாவுக்கு,

ரத்தத்தில் பயப்பட ஒன்றுமில்லையாம். இந்தத் தடவை வெற்றுக் குப்பியும் சுத்தம்! தீவு வெகு ஆழத்திலிருந்து வந்திருக்கிறது, மூழ்கிய மலையோ அவ்வளவு ஆழமில்லாமல் மேலேயே உருகிய பாறையிலிருந்து. பக்கத்தில் நிற்பதால் ஒரே வேர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். இல்லையாம். எங்கெங்கிருந்தோ வந்து ஒட்டி நிற்கின்றன, நம்மைப் போல.

சனிக்கிழமை காலை மொரப்பூரில் இறங்குகிறேன். டப்பா என்னோடு வருகிறது. கயிற்றை நான் இன்னும் கட்டிக்கொள்ளவில்லை. ஸ்டேஷனுக்கு வந்து நீங்களே கட்டிவிடுங்கள்.

உங்கள் பிரியா