வேலிப்பக்க மூலை

தண்ணீரூற்று,
03.09.2023

இஞ்சேருங்கோ,

கடிதத்தில் உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துப் பார்த்தேன். "அன்புள்ள கணவருக்கு" என்று எழுதினால் கந்தோருக்கு மனுப் போடுவதுபோல் இருக்கிறது. அதனால் வீட்டில் கூப்பிடுகிறபடியே கூப்பிடுகிறேன். போனில் கதைத்தால் கொஞ்ச நேரத்தில் நான் கத்துவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் முடியும்வரை கேட்டுத்தானே ஆகவேண்டும். உங்கள் படகுச் சம்மாட்டியாரின் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். படகு கரைக்கு வந்ததும் முதலில் இதை வாசியுங்கோ, பிறகு குளியுங்கோ.

போன வருடம் வந்து நின்றபோது பின்வளவில் ஒரு கிடங்கு வெட்டினீர்களே, அதில் இப்போது மீன்குஞ்சு ஓடுகிறது. நன்னீர் மீன்பிடிச் சங்கம் வீடு வீடாகக் குஞ்சு கொடுத்தது. ரோகும் கட்லாவும். பார்த்தால் சீரகம் மிதப்பது மாதிரி இருந்தது. விரல் அளவுக்கு வளர்த்துக் கொடுத்தால், மழை தொடங்கக் குளத்தில் விடுவார்கள். சாணியைக் கரைத்து ஊற்றித் தண்ணீரைப் பச்சையாக்கி, மீன்கொத்தி இறங்காமல் மேலே வலை கட்டி, தவிட்டையும் புண்ணாக்கையும் குழைத்துக் காலையும் பின்னேரமும் போடுகிறேன். கடற்கரைப் பெட்டை சாணி கரைக்கிறாள் என்று அற்புதமக்கா வேலிக்கு அங்கால் நின்று சிரிக்கிறா. சிரிக்கட்டும்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். நான் தீன் போடுவது கிணற்றடிப் பக்கம். தகரப் பேணியைத் தட்டினால் எல்லாம் ஓடி வரும். ஆனால் மத்தியான வெயிலில் பார்த்தால், ஒன்றும் மிச்சமில்லாமல் வேலிப்பக்க மூலைக்குப் போய், தீன் போடும் கைக்குக் கீழே நிற்பதுபோல வாயை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அங்கே நீங்கள் இருந்து சிகரெட் குடித்த கல்தான் கிடக்கிறது. ஆள் எவருமில்லை. ஏன் அப்படி நிற்கின்றன?

மற்றது, நீங்கள் திருகோணமலைக்குப் போய் இது மூன்றாவது வருடம். இடையில் விருந்தாளி மாதிரி ஒருமுறை வந்தீர்கள். இந்தக் குஞ்சுகளைக் குளத்தில் விடுவதற்குள் வீட்டோடு வந்து இருங்கோ. முல்லைத்தீவிலும் கடல் இருக்கிறது. அதற்குள்ளும் வராவிட்டால் பிறகு வரத் தேவையில்லை. கோபத்தில் எழுதவில்லை. கதிரையில் ஆறுதலாக இருந்துதான் எழுதுகிறேன்.

உங்கள்
நிறஞ்சனா


திருகோணமலை,
24.09.2023

அன்பு நிறஞ்சிக்கு,

சொன்னபடி குளிக்க முதல் வாசித்தேன். கடிதமெல்லாம் மீன் நாற்றம், நீர் மணந்து பார்த்தால் மயங்கி விழுவீர். இந்த முறை நல்ல சூரைமீன் பட்டது. படகில் சமையல் என் தலையில் விழுந்ததால் நான் வைத்த சொதியை எல்லாரும் கடலுக்குத்தான் ஊற்றினார்கள்.

மீனுக்கு வருவோம். அது பெரிய விஷயமில்லை. அந்த மூலைக்குப் பூவரசு நிழல் விழுகிறது அல்லவா? வெயில் ஏறினால் குஞ்சு நிழலுக்கு ஒதுங்கும். தண்ணீரில் காற்றுக் குறைந்தாலும் வாயை மேலே நீட்டும். அல்லது அற்புதமக்கா சோறு எறிகிறாவோ தெரியாது. மீன் தன்பாட்டில் ஒரு மூலையைப் பழகாது, அங்கே யாரோ நாளாந்தம் போட்டால்தான் பழகும். அவவைப் பிடித்துக் கேளும்.

வரச் சொல்லுகிறீர். வர ஆசையில்லை என்றா நினைக்கிறீர்? வந்தால் திரும்பிப் போக மனம் வராது, அதுதான் பயம். ஆள் குறைவு என்று சம்மாட்டியாரும் விடுகிறாரில்லை. வெள்ளிக்கிழமை கடலுக்கு அடுத்த ஓட்டம். அது முடியட்டும், பார்ப்போம். உம்மை நினைக்காத நாளில்லை. இதைப் போனில் சொன்னால் நீர் சிரிப்பீர்.

அன்புடன்
ஸ்ரனிஸ்லஸ்


தண்ணீரூற்று,
14.10.2023

இஞ்சேருங்கோ,

கள்ளா! பிடிபட்டீர்கள்.

கரைக்கு வந்ததும் இதை வாசிப்பீர்கள் என்று எழுதத் தேவையில்லை. நீங்கள் கடலுக்கே போகவில்லை, எனக்குத் தெரியும். உங்கள் கடிதம் கிடைத்ததும் பூவரசங்கொப்பை வெட்டுவித்தேன். மூலையில் நிழலே இல்லை. மத்தியானம் மீன் அங்கேதான் நின்றது. அற்புதமக்காவைக் கேட்டேன். "எடி பிள்ளை, நான் என்ரை கோழிக்கே தவிடு இல்லாமல் நிக்கிறன், உன்ரை மீனுக்குப் போடுவனோ?" என்று ஏசினா. பிறகு இரண்டு நாள் நான் தீனே போடாமல் இருந்து பார்த்தேன். பேணியைத் தட்டினேன், ஒரு மீனும் திரும்பவில்லை. வேலிப்பக்கம் நின்று கொழுத்துக்கொண்டிருந்தன. தண்ணீரில் தவிடு மிதந்தது. எங்கள் தவிட்டுச் சாக்கோ கட்டியது கட்டியபடி கிடக்கிறது.

தபால்காரரையே வாசற் படலைக்கு மேலால் பாயவிட்ட எங்கள் நாய் ஜிம்மி, அந்த மூலையைப் பார்த்து வாலை ஆட்டுகிறது. வேறு யாருக்கு ஆட்டும்? அப்போதுதான் எனக்கு விளங்கியது. மீன் ஒரு மூலையைப் பழக யாரோ நாளாந்தம் போடவேண்டும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?

போன வருடம் சண்டை போட்டுவிட்டுப் போன மனுசனுக்கு முன்வாசலால் வர வெட்கம். பின்வளவால் வந்து, மீனுக்குத் தீன் போட்டுவிட்டு, என்னை ஒளித்து நின்று பார்த்துவிட்டுப் போகிறீர்கள். எங்கே தங்குகிறீர்கள்? உங்கள் தங்கச்சி வீட்டிலா? தெரியாதபடியால் இதையும் கடை விலாசத்துக்கே போடுகிறேன். எனக்குக் கோபமே வரவில்லை. சந்தோசத்தில் தலைக்கு முழுகிப் பூவும் வைத்தேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நேற்று மத்தியானம் ஒரு கோப்பையில் சோறும் சூடைமீன் குழம்பும் போட்டு அந்தக் கல்லில் வைத்துவிட்டு, குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். திரும்பி வர, சோறு இல்லை. நாய் தின்றது என்று சொல்லவேண்டாம். ஜிம்மியை என்னோடு உள்ளே கட்டி வைத்திருந்தேன். சூடை முள்ளெல்லாம் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கி இருந்தது. காகம் முள்ளை ஒதுக்குமோ?

ஒளித்தது காணும். முன்னாலே வாங்கோ.

உங்கள்
நிறஞ்சனா


திருகோணமலை,
27.10.2023

நிறஞ்சி,

இன்று காலைதான் கரைக்கு வந்தேன். உம்முடைய கடிதத்தை வாசித்துவிட்டுக் குளிக்காமலே இதை எழுதுகிறேன்.

அது நான் இல்லை. மாதா அறிய அது நான் இல்லை. நீர் எழுதிய அன்று நாங்கள் கரை தெரியாத ஆழ்கடலில் நின்றோம். என்னோடு வந்த ரூபனைக் கேளும், சம்மாட்டியாருக்குப் போன் எடுத்துக் கேளும். தங்கச்சி வீட்டுப் பக்கம் நான் போய் வருடக்கணக்கு. கயிறு அறுத்து என் உள்ளங்கை கிழிந்து கட்டுப் போட்டிருக்கிறது, பேனையையே விரல் நுனியில்தான் பிடிக்கிறேன், இந்தக் கையால் ஒரு பிடி தவிடும் அள்ள முடியாது.

முள்ளை ஒதுக்கி வைத்திருந்தது என்று எழுதினீர். எத்தனை வருடம் எனக்குச் சூடை சமைத்தீர்? நான் முள்ளோடு மெல்லுகிறவன் என்று மறந்துபோனீரா?

இனி அந்தக் கல்லில் ஒன்றும் வைக்க வேண்டாம். மூலைக்குப் போக வேண்டாம். பின்னேரமானால் அற்புதமக்கா வீட்டுக்குப் போய்ப் படும். யாரும் கெட்டவன் வளவுக்குள் வந்து போகிறானோ தெரியாது. பாதரைக் கூப்பிட்டு வளவை மந்திரிக்கச் சொல்லும். இயந்திரம் பழுது, திருத்தும்வரை கொஞ்ச நாள் கரையில்தான் நிற்கிறோம். ஏதும் என்றால் உடனே எழுதும்.

ஸ்ரனிஸ்லஸ்


தண்ணீரூற்று,
01.11.2023

இஞ்சேருங்கோ,

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை. போனில் சொன்னால் அழுகைதான் வரும், அதுதான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே அற்புதமக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். விடிந்து வந்து பார்த்தேன். கிடங்கின் மேலே கட்டிய வலையில் மீன்கொத்தி கிழித்த ஓட்டை ஒன்று இருந்தது, பொத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அது பொத்தி இருக்கிறது. நான் மீன்பிடிக்காரர் வீட்டுப் பிள்ளை. என்னைப் பெற்ற ஐயாவின் முடிச்சு எனக்குத் தெரியும், உங்கள் முடிச்சும் தெரியும், இந்தக் கரையில் எவர் எப்படிப் பொத்துவார் என்று பார்த்துச் சொல்லுவேன். இது நான் எங்கும் காணாத முடிச்சு. அவ்வளவு வடிவாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன், நூல் ஈரமாக இருந்தது. களவெடுக்க வருகிறவன் வலை பொத்துவானா?

பாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். அவர் கிடங்கைச் சுற்றி நடக்கும்போது மீன் எல்லாம் மூலையில் அசையாமல் நின்றது. அவர் அதைக் கண்டுவிட்டு மூலைக்கு இன்னொருமுறை தெளித்தார். கார்த்திகை பிறந்தால், செத்துப்போய் உத்தரிக்கிற ஆத்துமாக்கள் வீடு தேடும் என்று அற்புதமக்கா சொல்கிறா. யாருடைய ஆத்துமா? எங்களுக்கு அப்படி ஒருவருமில்லையே.

நீங்கள் கரையில் நிற்கிறதாக எழுதியிருக்கிறீர்கள். காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்கு முன் வரலாம். வீட்டோடு வந்து இருங்கோ என்று இப்போது கேட்கவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து அந்த மூலையில் என்னோடு நில்லுங்கோ. வேறு ஒருவரையும் எனக்குக் கேட்க முடியாது. நீங்கள்தானே என் மனுசன்.

நிறஞ்சனா


திருகோணமலை,
06.11.2023

அன்பு நிறஞ்சிக்கு,

கடிதம் கிடைத்தது. மனம் சரியில்லை. நேற்று உடுப்பெல்லாம் கட்டிக்கொண்டு பஸ் நிலையம்வரை போனேன், பொய் சொல்லவில்லை. சம்மாட்டியார் ஆளனுப்பிக் கூப்பிட்டார், இயந்திரம் சரிவந்துவிட்டதாம். நாளை விடிய ஓட்டம். நான் இல்லாவிட்டால் இந்தக் காலநிலைக்கு வேறு ஆள் பிடிக்க முடியாது.

உள்ளதைச் சொல்லுகிறேன், எனக்கும் பயம்தான். நான் வந்து அங்கே நின்று என்ன செய்யப் போகிறேன்? குஞ்சுகளைச் சங்கத்துக்கு நேரத்தோடு கொடுத்துவிட்டுக் கிடங்கைத் தூர்த்துவிடும். அதோடு எல்லாம் நின்றுவிடும். மார்கழியில் நத்தார்ப் பெருநாளுக்கு நிச்சயம் வருவேன். இந்த முறை நிச்சயம். கோவிக்க வேண்டாம்.

அன்புடன்
ஸ்ரனிஸ்லஸ்


தண்ணீரூற்று,
29.11.2023

ஸ்ரனிஸ்லஸ்,

நீங்கள் கரைக்கு வரும்போது இது சம்மாட்டியாரின் கடையில் கிடக்கும்.

போன கிழமை சங்கத்து ஆட்கள் வந்து இழுவை வலை போட்டு மீனைப் பிடித்துப் போனார்கள். எல்லாம் விரலை விடப் பெரிது. இந்த ஊரில் என்னுடைய மீன்தான் நல்ல வளர்த்தி என்று தலைவர் சொன்னார். "என்ன தீன் பிள்ளை போட்டனீ?" என்று கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? குளத்தில் விடும்போது நானும் போய் நின்றேன். வாளியைச் சரித்ததும் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் போயிற்று. அன்றைக்குத்தான் உங்களுக்குச் சொன்ன தவணை முடிந்தது.

கிடங்கைத் தூர்க்கச் சொன்னீர்கள். மண்வெட்டியோடு போனேன். ஒரு மீனும் இல்லாத தண்ணீர். ஆனாலும் மத்தியானம் ஆனதும் மூலையில் தவிடு விழுந்தது. என் கண்ணுக்கு முன்னால் விழுந்து, மெல்ல மெல்ல விரிந்தது. மீனுக்காக இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. மண்வெட்டியைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பயம் என்னை விட்டுப் போய்விட்டது. எப்படி என்று கேட்காதீர்கள். பயந்தபோது எவரும் வரவில்லை, அதனால் பயந்து களைத்துப்போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கோ. திரும்பவும் சோறு வைத்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. எத்தனை வருடம் உங்களுக்குச் சோறு போட்டேன், ஒரு கோப்பை கழுவினீர்களா? சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நினைத்தாலும் பரவாயில்லை.

முந்தாநாள் பேய்மழை. வளவெல்லாம் வெள்ளம். அந்தக் கல் மட்டும், ஒரு ஆள் இருக்கிற அளவுக்குக் காய்ந்துபோய்க் கிடந்தது. நான் குடையை வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் இருந்தேன். கனநேரம் இருந்தேன். என்னையும் மழை நனைக்கவில்லை.

முகத்தைக் காணவில்லை. பெயரைக் கேட்கவுமில்லை. மத்தியானம் ஆனால் தவறாமல் வருகிறது, அது போதும். ஜிம்மி இப்போது அந்தக் கல்லடியில்தான் படுக்கிறது. அற்புதமக்கா எங்கள் வேலிப்பக்கம் வருகிறதில்லை. தன்ரை வாசலில் நின்றே கூப்பிட்டு, "யாரடி பிள்ளை அது, மனுசன் வந்திட்டாரோ?" என்று கேட்டா. "ஓம் அக்கா, வந்திட்டார்" என்றேன். அவ சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனா.

நத்தாருக்கு வரவேண்டாம். நான் இப்போது இரண்டு பேருக்கு அரிசி போடுகிறேன், மூன்றாவது ஆளுக்குச் சோறு காணாது.

நிறஞ்சனா