ஒன்பதாம் கேள்வி

கேளம்பாக்கம்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பா,

போனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன். இந்த மாதமும் வர முடியவில்லை. அரசின் முதியோர் நலக் கொள்கைக்கு மக்கள் கருத்தைத் திரட்டும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்திருக்கிறது. அஸ்தினாபுரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் கேட்டால் எல்லோரும் பதில் சொல்வார்கள். கூரியரில் நாற்பது படிவம் வருகிறது. கேள்வியை மட்டும் வாசியுங்கள். எதற்கு என்று விளக்க வேண்டாம், பதில் மாறிவிடும். மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் மகள்,
ஜெரூஷா

அஸ்தினாபுரம்
17 பிப்ரவரி 2025

கர்த்தருக்குள் அன்பான ஜெரூஷாவுக்கு,

அப்பா எழுதுவது. நலம். முப்பத்தெட்டுப் படிவம் அனுப்பியிருக்கிறேன். வீடு வீடாக மாடி ஏற முழங்கால் இடம் கொடுக்கவில்லை. நலச்சங்கக் கூடத்துக்கே எல்லோரையும் வரச் சொன்னேன். பஜ்ஜி, காபி. நான் உரக்கக் கேட்டேன், அவர்களும் உரக்கச் சொன்னார்கள். என் காதுக்கு வேறு வழியில்லை.

ஒன்பதாம் கேள்வி: பிள்ளைகள் எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்து பார்க்கிறார்கள்? காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணோடு வந்த சாவித்ரி அம்மாள், "மாசா மாசம் வரான், எழுதிக்கோங்க சார்" என்றார். மகன் புனேயில்.

"எந்த மாசம் மாமி? நான் பாக்கவே இல்லையே" என்றார் எதிர்வீட்டு வைத்தீஸ்வரன்.

"நீங்க தூங்கறப்போ வந்துட்டுப் போறான். உங்க பையன் மட்டும்?"

"என் பையனா? அவன் வாரா வாரம்!"

கூடமே சிரித்தது. சொன்னபடி எழுதினேன்.

என் படிவம் மேலே இருக்கிறது. முதலில் அதைப் பார்.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா

கேளம்பாக்கம்
9 மே 2025

அன்புள்ள அப்பா,

அறிக்கை போய்விட்டது. உங்கள் படிவங்களில் ஓர் அடித்தல்கூட இல்லை என்று மேலாளர் பாராட்டினார். செவிலியர் வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டுப் போடும் திட்டம் ஒன்று வரப்போகிறது. பிள்ளைகள் வராத பகுதிகளுக்குத்தான் முதலில். அஸ்தினாபுரத்தில் முப்பத்தைந்து பேரின் பிள்ளைகள் மாதம் ஒருமுறையாவது வருகிறார்களே! அதனால் பட்டியலில் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜெரூஷா

அஸ்தினாபுரம்
14 மே 2025

அன்பான ஜெரூஷாவுக்கு,

அந்தக் கணக்கு பொய். அக்கம்பக்கத்தார் காதில் விழ, என் பிள்ளை வருவதில்லை என்று யார் சொல்வார்? தெரிந்தேதான் எழுதினேன், அவர்கள் மானம் போகக் கூடாது என்று நினைத்தேன். என் படிவத்திலும் 'மாதம் ஒருமுறை' என்றுதான் இருக்கிறது. நீ கடைசியாக வந்தது 2023 கிறிஸ்துமஸுக்கு. காரில் ஒரு மணி நேர தூரம். ஆகவே, அந்தப் படிவங்களில் ஒன்றாவது பொய் என்று உனக்கு நிச்சயமாகத் தெரியும்.

படிவங்களைத் திரும்பப் பெறு. இம்முறை வீடு வீடாகப் போகிறேன். முழங்கால் போனால் போகட்டும்.

அப்பா

கேளம்பாக்கம்
20 மே 2025

அன்புள்ள அப்பா,

கொடுத்த அறிக்கையை எப்படித் திரும்பக் கேட்பேன்? படிவம் திரட்டியவர் என் அப்பா என்று தெரிந்தால் என் வேலை என்ன ஆகும்?

உங்கள் படிவத்தைப் பார்த்தேன். என்னை நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லையே என்று அழுதேன். பிறகு எண்ணிக்கையில் சேர்த்தேன். இதை இத்தோடு விட்டுவிடுங்கள் அப்பா. அடுத்த மாதம் நிச்சயம் வருகிறேன்.

ஜெரூஷா

அஸ்தினாபுரம்
22 ஆகஸ்ட் 2025

ஜெரூஷாவுக்கு,

சாவித்ரி அம்மாளுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். கட்டுப் போட ஆளில்லாமல் புண் மேலேறிவிட்டது. மகன் புனேயிலிருந்து வந்தான். படிவத்தில் எழுதியது அந்த ஒரு மாதத்துக்கு உண்மை. வைத்தீஸ்வரன் இப்போது யாரையும் கிண்டல் செய்வதில்லை.

மற்ற முப்பத்தேழு வீட்டுக்கும் ஏறி இறங்கினேன். கதவைச் சாத்திக்கொண்டு, என் காதோரம் வாய் வைத்துச் சொல்லச் சொன்னேன். முப்பத்தொரு பேர் உண்மையைச் சொன்னார்கள். புதிய படிவங்களை அரசுத் துறைக்கு நேராகப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். முதல் தடவை தவறாக எழுதியவன் லாசரஸ் என்றும், அவன் ஜெரூஷாவின் தகப்பன் என்றும் குறித்திருக்கிறேன்.

என் புதிய படிவத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. ஒன்பதாம் கேள்விக்கு, 'மகள் வருவதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டாவது முறையும் என் படிவம் பொய்யாகக் கூடாது.

வராதே.

லாசரஸ்